வாய், தொண்டைப் புற்றுநோய்: சிகிச்சை முடிந்தபின் எடுக்கும் ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது

கடைசி நாள் கரண்டு (கதிர் சிகிச்சை) வைத்து முடித்துவிட்டு, புதுச்சேரி கோரிமேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் குடும்பத்தின் மனசில் ஓடுவது ஒரே கேள்விதான்: ‘கட்டி முழுசா போயிடுச்சான்னு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே?’ நியாயமான கேள்வி. டாக்டரோ ‘மூணு மாசம் போகட்டும்மா’ என்கிறார். அலட்சியமாகச் சொல்கிறாரோ என்று தோன்றும். இல்லை. அந்த மூன்று மாதத்துக்குக் காரணம் இருக்கிறது, அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே கரையேறியது. மறுநாள் முந்திரித் தோப்புக்குள் போய் நின்றவரால் எந்த மரம் பட்டுவிட்டது, எது திரும்பத் துளிர்க்கும் என்று சொல்லியிருக்க முடியுமா? முறிந்த கிளையும் மண்ணும் இலையும் ஒன்றாகக் கிடந்தன. சில மாதம் கழித்துப் போனால்தான் பட்டது பட்டதாகத் தெரியும், துளிர் துளிராகத் தெரியும். கதிர் பட்ட கழுத்தும் அந்தத் தோப்பு மாதிரிதான்.

வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுப்பது 60 முதல் 70 கிரே கதிர் (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 30 முதல் 35 தடவையாகப் பிரித்து 6, 7 வாரம் ஓடும். கட்டியை மட்டும் பார்த்துத் தாக்கக் கதிருக்குத் தெரியாது, பாதையில் இருக்கும் நல்ல திசுவும் வெந்து வீங்கும். அந்த நேரத்தில் சிடி ஸ்கேன் எடுத்தால் தோல் தடித்திருக்கும், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் கோடுகோடாக நீர் கோத்திருக்கும், மூச்சுக்குழாய் வாயில் இருக்கும் மூடி பருத்திருக்கும், தாடைக்கு அடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி பளிச்சென்று தெரியும். இந்த வீக்கத்துக்குள் விரல் நுனி அளவு கட்டி ஒளிந்திருந்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பெட் சிடியில் சிக்கல் இன்னும் கூடுதல். அது சர்க்கரையை அதிகம் தின்னும் இடத்தைக் காட்டும் கருவி. புற்றுநோய்ச் செல் சர்க்கரையைத் தின்னும் என்பது சரி, ஆனால் புண்ணை ஆற்ற வந்த வெள்ளணுவும் தின்னும். சீக்கிரம் எடுத்தால் ஆறும் புண்ணும் நோய்போல ஒளிரும். தலைகீழாகவும் நடக்கலாம். கதிரில் அடிபட்டுத் தற்காலிகமாக முடங்கிக் கிடக்கும் செல் சர்க்கரை எடுக்காமல் ‘ஒன்றும் இல்லை’ என்று காட்டிவிடலாம். அதனால்தான் கதிரும் கீமோவும் முடிந்து 12 வாரம் கழித்து பெட் சிடி என்பது நடைமுறையாக நிலைத்திருக்கிறது.

இந்த 12 வாரக் கணக்கு சோதித்துப் பார்த்த கணக்கு. முன்பெல்லாம் கழுத்தில் பெரிய நெறிக்கட்டிகளோடு வந்தவர்களுக்குக் கதிர்-கீமோ முடிந்ததும் கழுத்து ஆபரேஷனும் செய்துவிடுவது பல இடங்களில் வழக்கம். பிரிட்டனில் 564 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்குத் திட்டப்படி ஆபரேஷன். இன்னொரு பிரிவுக்கு 12 வாரத்தில் பெட் சிடி, அதில் சந்தேகம் இருந்தால் மட்டும் ஆபரேஷன். 2016இல் வெளியான முடிவு: முதல் பிரிவில் 221 ஆபரேஷன், இரண்டாவதில் 54 மட்டும். உயிர் பிழைத்தவர்கள் கணக்கில் இரண்டாவது பிரிவு பின்தங்கவில்லை. சரியான நேரத்தில் எடுத்த ஒரு படம் அத்தனை பேரைக் கழுத்துக் கத்தியிலிருந்து காப்பாற்றியது. அந்த ஆபரேஷனில் நரம்பு அடிபட்டுத் தோள் தூக்க முடியாமல் அவதிப்படுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

ஒரு விதிவிலக்கை மறக்க வேண்டாம். புதிதாகக் காது வலி, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைவது, ஆறாத புண், ரத்தக் கசிவு, கன்னத்தில் மரத்துப்போதல், விழுங்கும்போது புதிய தடை, கழுத்தில் புதிய கட்டி, இவற்றில் எது வந்தாலும் 12 வாரம், அடுத்த தேதி என்று காத்திருக்கக் கூடாது. காதில் எந்தக் கோளாறும் இல்லாமல் காது வலித்தால் தொண்டையையும் நாக்கின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும், நரம்பு வழியே அங்கிருந்து வலி காதுக்கு வரும்.

முதல் படம் எதற்கு?

ஆபரேஷன் செய்து கதிரும் முடித்தவர்களுக்கு, அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், ஆறு மாதத்துக்குள் ஒரு சிடியோ எம்ஆர்ஐயோ எடுத்து வைப்பார்கள். ‘நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு?’ என்று தட்டிக் கழிப்பவர்கள் உண்டு. அது இன்றைக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் எடுப்பதில்லை. உங்கள் கழுத்தின் புதிய வரைபடம் அது. ஆபரேஷனுக்குப் பிறகு எந்தத் தசை இருக்கிறது, எது இல்லை, எங்கே தழும்பு, எங்கே ஒட்டுச்சதை என்று குறித்துவைக்கும் அடிப்படைப் படம். எட்டு மாதம் கழித்து ஒரு சின்னத் திட்டு தெரிந்தால், ‘இது அன்றைக்கே இருந்ததா, புதிதா?’ என்ற கேள்விக்கு இந்தப் படம் ஒன்றுதான் பதில் சொல்லும். அன்றும் இன்றும் ஒரே அளவில் இருந்தால் தழும்பு என்று நிம்மதியாக விடலாம். 4 மிமீ இருந்தது 9 மிமீ ஆகியிருந்தால் ஊசி குத்தி செல் எடுத்துப் பார்த்தாக வேண்டும். சிகிச்சைக்குப் பிந்தைய ஸ்கேனில் தனிப்படம் ஒன்று பாதிதான் பேசும். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் முழுசாகப் பேசும்.

திரும்பி வரும் நோயில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடுகிறது. அதனால் முதல் வருடம் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடம் 2 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஐந்தாம் வருடம் வரை 4 முதல் 8 மாதத்துக்கு ஒருமுறை என்று நேரில் காட்டச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் கிடையாது. டாக்டரின் கண்ணும் விரலும் சின்ன கேமரா குழாயும்தான் முதல் சோதனை. வாயின் தோலில் 2 மிமீ ஆழமே உள்ள புண்ணை சிடி தவறவிடும், டார்ச் வெளிச்சத்தில் அது தெரியும். ‘போன மாசம்தான் ஸ்கேன் எடுத்தோம், க்ளியர்’ என்று செக்கப்பைத் தள்ளிப்போடுவது தவறு.

எந்த ஸ்கேன் எதற்கு

கழுத்து அல்ட்ராசவுண்ட் செலவு குறைந்தது, கதிர் இல்லாதது. நெறிக்கட்டியைப் பார்க்கவும், பார்த்துக்கொண்டே ஊசி குத்தி செல் எடுக்கவும் அதைவிட வசதி கிடையாது. எலும்புக்குப் பின்னாலும் காற்றுக்குப் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது.

அன்றாட வேலைக்கு சிடிதான். மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சின் மேல்பகுதி வரை 1 முதல் 3 மிமீ கனத்தில் துண்டு துண்டாகப் படம். கையில் ஊசி வழியே அயோடின் கலந்த மருந்து செலுத்துவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதுபோல ஒரு உணர்வு வரும், அரை நிமிடத்தில் அடங்கும். அதற்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்ப்பது கட்டாயம். சிஸ்பிளாட்டின் கீமோ எடுத்தவர்களின் சிறுநீரகம் அடிவாங்கியிருக்க வாய்ப்பு உண்டு, மருந்தும் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். முன்பு இந்த ஊசியால் மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்திருந்தால் அதைச் சொல்லாமல் படுக்கவே கூடாது.

நம் பக்கத்தில் புகையிலையும் பாக்கும் அடக்கும் இடம் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளம். நோயும் அங்கேதான் அதிகம் வருகிறது. வாயைச் சும்மா மூடிக்கொண்டு சிடி எடுத்தால் கன்னமும் ஈறும் ஒட்டிக்கொண்டு ஒரே சாம்பல் பட்டையாகத் தெரியும், எது எதன் தோல் என்று பிரியாது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. உதட்டை இறுக்கி மூடி, வாய்க்குள் காற்றை நிறுத்திக் கன்னத்தை உப்பவைத்து, மூக்கால் மூச்சு விட்டபடி அப்படியே பத்து விநாடிபோல இருக்க வேண்டும். கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே கறுப்பாகக் காற்று நிற்கும், இரண்டு பக்கத் தோலும் தனித்தனிக் கோடாகத் தெரியும். முந்தின நாள் கண்ணாடி முன் நின்று நாலு தடவை பழகிக்கொள்ளுங்கள். பலமாக ஊத வேண்டாம், பலூன் ஊதுவதுபோல முக்கினால் நாக்கும் தொண்டையும் அசைந்து படம் கலங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு உதடு சேராதவர்களாலும், கன்னத்தில் ஓட்டை விழுந்தவர்களாலும் இதைச் செய்ய முடியாது. டெக்னீஷியனிடம் அதை முன்கூட்டியே சொன்னால் போதும்.

எம்ஆர்ஐ சதைக்கும் நரம்புக்கும். நாக்கு, மூக்கின் பின்புறம், மண்டையோட்டின் அடி, நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும் நோய், இவற்றில் அது சிடியை முந்தும். முகத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது, மரத்துப்போகிறது என்றால் எம்ஆர்ஐ கேட்பது அதனால்தான். அதில் ஒருவகைப் படத்தில் நீர் கோத்த வீக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும், முதிர்ந்த தழும்பு கறுத்துக் கிடக்கும், கட்டி இரண்டுக்கும் நடுவே சாம்பலாக நிற்கும். இன்னொரு வகைப் படம் நீர் மூலக்கூறு எவ்வளவு தாராளமாக அசைகிறது என்று அளக்கும். மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நகர இடமில்லாமல் நெருக்கியடிக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிக்குள் செல்கள் அப்படி நெருங்கி நிற்பதால் நீர் அசைய முடியாது. வீக்கத்தில் செல் குறைவு, நீர் தாராளமாக ஓடும்.

எம்ஆர்ஐ அரை மணிக்கும் மேல் ஆகும், அசையாமல் படுக்க வேண்டும். எச்சில் சுரக்காமல் வாய் காய்ந்தவர்களுக்கும், படுத்தால் சளி அடைப்பவர்களுக்கும் இது கஷ்டம். உள்ளே போகுமுன் வாயை நனைத்து, சளியை உறிஞ்சி எடுத்துவிட்டுப் போகலாம். தொண்டையில் உலோகக் குழாய் இருந்தால் பிளாஸ்டிக் குழாயாக மாற்றிய பிறகுதான் அனுமதி. தாடையில் வைத்த டைட்டானியம் தகடு பெரும்பாலும் ஆபத்து இல்லை, ஆனால் அதைச் சுற்றிப் படம் கறுத்துக் கெடும். பேஸ்மேக்கர் இருந்தால் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

பெட் சிடிக்குப் போகும் நாள்

அதிகம் கெடுவது இங்கேதான், அதுவும் வீட்டிலேயே கெட்டுவிடுகிறது. ஊசியில் ஏற்றும் எஃப்டிஜி என்பது கதிர்த்தன்மை ஏற்றிய சர்க்கரை. 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கதிர் பாதியாகக் குறையும். பெரும்பாலும் வேறிடத்தில் தயாரித்து வண்டியில் வரும் மருந்து, நேரம் தவறினால் நமக்காகக் காத்திருக்காது.

4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். கடலூரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, வழியில் பால் டீ குடித்தால் அன்றைய ஸ்கேன் போச்சு. டீயில் உள்ள சர்க்கரைக்கு இன்சுலின் சுரக்கும், அது மருந்துச் சர்க்கரையைத் தசைக்குத் தள்ளிவிடும். கட்டிக்குப் போக வேண்டியது தோளிலும் தொடையிலும் ஒளிரும். மூக்கு வழியோ வயிறு வழியோ டியூபில் கஞ்சி ஊற்றுகிறவர்கள் இதில் தனியாகக் கவனமாக இருக்க வேண்டும். ‘சாப்பிட்டாரா?’ என்று கேட்டால் ‘வாயால் எதுவும் சாப்பிடலை’ என்று உண்மையாகவே பதில் வரும், காலை ஆறு மணிக்கு டியூபில் 200 மில்லி கஞ்சி போயிருக்கும். டியூபில் போவதும் சாப்பாடுதான்.

ரத்தச் சர்க்கரை 200க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருக்கிறதே என்று கிளம்பும்போது அவசரமாக இன்சுலின் போட்டுக்கொண்டு வருவது மேலே சொன்ன அதே கோளாறைச் செய்யும். எந்த நேரத்தில் எவ்வளவு என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்டபின் ஏறக்குறைய 60 நிமிடம் சும்மா படுத்திருக்க வேண்டும். பேச்சு வேண்டாம், போன் வேண்டாம், எதையும் மெல்ல வேண்டாம். பேசினால் குரல்நாண் ஒளிரும், மென்றால் தாடைத் தசை ஒளிரும். இரண்டுமே நாம் பார்க்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. ஏசி அறையில் நடுங்கினாலும் கெடுதல், குளிரில் கழுத்தோரக் கொழுப்பு ஒன்று சூடு உண்டாக்கச் சர்க்கரையை எரிக்கும். ஒரு போர்வை எடுத்துப் போங்கள். அன்று மாலை வரை கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் விட்டுத் தள்ளி இருந்தால் நல்லது.

படத்தைப் படிக்கும்போது ஒளிரும் இடத்தைக் கழுத்து ரத்தக்குழாயோடும் கல்லீரலோடும் ஒப்பிடுவார்கள். கல்லீரலைவிடப் பளிச்சென்று, ஒரே புள்ளியாக, கட்டி இருந்த இடத்தில் ஒளிர்ந்தால் சந்தேகம். பரவலாக மங்கலாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் கதிர் விட்டுப்போன அழற்சி. 12 வாரத்தில் எடுத்த பெட் ‘இல்லை’ என்றால் அந்த வார்த்தையை நன்றாக நம்பலாம். ‘இருக்கிறது’ என்றால் அதே அளவுக்கு நம்ப முடியாது, சதை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு. ரிப்போர்ட்டில் எஸ்யூவி என்று ஒரு எண் இருக்கும், அந்த இடம் எவ்வளவு சர்க்கரை எடுத்தது என்பதன் அளவு அது. போன தடவை 4.1, இப்போது 5.0 என்று பார்த்து வீட்டில் தூக்கம் கெட்டுப்போகும். வேறு மெஷின், வேறு காத்திருப்பு நேரம், வேறு சர்க்கரை அளவு என்றால் அந்த எண் தானாகவே மாறும். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஏமாற்றும் இடங்கள்

நெஞ்சுச் சதையை எடுத்துக் கன்னத்திலோ தாடையிலோ ஒட்டியிருந்தால், அந்தத் தசை மாதம் ஆக ஆகச் சுருங்கிக் கொழுப்பாக மாறும். சிடி படத்தில் அது வழுவழுப்பான கறுப்புத் திட்டாக அமைதியாகக் கிடக்கும். நோய் திரும்பினால் பெரும்பாலும் ஒட்டின் ஓரத்தில், தையல் விழுந்த எல்லையில் முளைக்கும். ஒட்டுத் துணி கிழிவது தையலோரத்தில்தானே, அதுபோல. ரேடியாலஜிஸ்ட் அந்த ஓரத்தை ஒவ்வொரு துண்டிலும் விரல் வைத்துத் தடவுவதுபோலப் பார்த்துக்கொண்டு போவார். மருந்தை உறிஞ்சிப் பளிச்சிடும் சின்ன முண்டு அங்கே இருக்கிறதா என்பதுதான் அவர் தேடுவது.

நாக்கின் ஒரு பக்க நரம்பு போய்விட்டால் அந்தப் பாதி கொழுத்துத் தொங்கிப் பின்னால் சரியும். பழக்கமில்லாதவருக்கு நல்ல பாதிதான் கட்டிபோலத் தெரியும். கழுத்து ஆபரேஷனில் தோள் நரம்பு அடிபட்டவர்களுக்கு, வேலை செய்யாத தசைக்குப் பதிலாக வேறொரு தசை பாரம் தாங்கிப் பருத்துவிடும். கையால் தடவினால் கட்டி, படத்தில் பார்த்தால் சாதாரணத் தசை. குரல்நாண் ஒரு பக்கம் செயலிழந்திருந்தால், மறுபக்கம் இரண்டு மடங்கு உழைத்து பெட்டில் தனியாக ஒளிரும். செயலிழந்த பக்கம் இருண்டு, நல்ல பக்கம் எரிகிற விசித்திரம் இது.

தாடை எலும்பு தனிக் கவலை. 60 கிரேக்கு மேல் வாங்கிய கீழ்த்தாடைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அந்த நிலையில் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். சிடியில் எலும்பின் ஓரம் உடைந்து, உள்ளே காற்றுக் குமிழும் உதிர்ந்த எலும்புத் துணுக்கும் தெரியும். பெட்டில் அதுவும் ஒளிரும், புற்றுநோய் திரும்பியதுபோல. எலும்போடு சேர்த்துக் கெட்டியான சதைக்கட்டியும் இருந்தால் சந்தேகம் நோயின் பக்கம் சாயும். கதிர் பட்ட எலும்பில் சதை எடுத்தால் அந்தப் புண்ணும் ஆறாமல் போகலாம் என்பதால், எடுக்குமுன் எல்லா டாக்டர்களும் கூடிப் பேசுவார்கள். பல் டாக்டரிடம் போகும்போது கதிர் வைத்த விவரத்தை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டின் கடைசி வரி

இப்போது பல ரிப்போர்ட்களில் நை-ராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வகுத்த முறை. கட்டி இருந்த இடத்துக்கு ஒரு எண், கழுத்து நெறிக்கட்டிக்கு ஒரு எண், தனித்தனி. 1 என்றால் நோய்க்கான அடையாளம் இல்லை, வழக்கமான தேதிக்கு வந்தால் போதும். 2 என்றால் லேசான சந்தேகம்: மேல் தோலில் என்றால் கேமராவால் நேரில் பார்ப்பார்கள், ஆழத்தில் என்றால் சில மாதத்தில் மறுபடி ஸ்கேன் அல்லது பெட். 3 என்றால் பலமான சந்தேகம், சதை எடுத்துப் பார்க்க வேண்டும். 4 என்றால் நோய் திரும்பியது உறுதி. 2 என்று பார்த்ததும் இடிந்துபோக வேண்டியதில்லை, 3 என்று பார்த்துவிட்டு ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்றும் விடக்கூடாது.

இதில் 0 என்றும் ஒரு எண் உண்டு. பழைய படம் கையில் இல்லாததால் முடிவு சொல்ல முடியவில்லை என்று பொருள். முதல் சிடி கடலூர் மஞ்சக்குப்பத்தில், எம்ஆர்ஐ புதுச்சேரியில், பெட் சென்னையில் என்று எடுப்பவர்கள் நம்மிடையே அதிகம், அவர்களுக்குத்தான் இந்த 0 வந்து விழும். பிலிம் மட்டும் போதாது. பிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில துண்டுகள், அதை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் மோசம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முழுப் படமும் அடங்கிய குறுந்தட்டு கேட்டு வாங்குங்கள், அப்போதே பென்டிரைவில் ஒரு பிரதி போட்டு வையுங்கள், நம் ஊர் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் தட்டு சீக்கிரம் பாழாகும். அதே பையில் ஆபரேஷன் விவரம், சதைப் பரிசோதனை ரிப்போர்ட், எத்தனை கிரே எத்தனை தடவை என்ற கதிர் சிகிச்சைச் சுருக்கம், கடைசிக் கிரியாட்டினின் ஆகியவை இருக்கட்டும். பையின் மேல் பெரிய எழுத்தில், கடைசிக் கதிர் வைத்த தேதியை எழுதுங்கள். படத்தைத் திறக்குமுன் ரேடியாலஜிஸ்ட் வாரத்தை எண்ணத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான்.